யார் மடியில் கனம்?

முத்துக் குளித்தவர் முதல் மீன் விற்கும் அக்கா வரை: தூத்துக்குடிக் கரையின் பணப்பைக் கதை

திரேஸ்புரம் கடற்கரையில் ஏலம் முடிந்து, மீனைச் சட்டியில் அள்ளிக்கொண்டு பெண்கள் ஊருக்குள் கிளம்பும்போது பாருங்கள். பலர் இடுப்பில் ஒரு சுருக்குப் பை செருகியிருக்கும். கயிற்றை இழுத்தால் வாய் மூடும், இரண்டு விரலால் அகட்டினால் திறக்கும். உள்ளே சில்லறை, நாலாக மடித்த நோட்டுகள், வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சில சமயம் ஒரு வலி மாத்திரை. மீன் செதிலும் ஈரமும் பட்டுப் பட்டு அந்தத் துணிக்கே ஒரு விறைப்பு வந்துவிடும்.

கடந்த சில வருடங்களாகச் சட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. கியூஆர் கோடு ஒட்டிய அட்டை. வாங்க வருகிறவர் பலரிடம் இப்போது பர்ஸே இருப்பதில்லை.

“யக்கா, ஜிபே இருக்கா?”

“இருக்கு தம்பி, அடிச்சிரு. மவன் நம்பருதான்.”

மகன் நம்பர், மருமகன் நம்பர், வீட்டுக்காரர் நம்பர். வெயிலில் நடந்து, கூவி விற்று, ஐஸ் உருகி மீன் கெடுவதற்குள் தள்ளிவிட்டுச் சம்பாதித்தவர் ஒருவர். பணம் போய் விழுகிற இடம் இன்னொருவர் போன். பணம் குடும்பத்துக்குத்தானே போகிறது என்று யாராவது சொல்லலாம். குடும்பத்துக்குத்தான் போகிறது. ஆனால் அதை எடுக்க அந்த அக்கா இனி இன்னொருவரைக் கேட்க வேண்டும். இடுப்பிலிருந்த பைக்கு அவர் யாரையும் கேட்டதில்லை.

இந்தக் கரையில் இது புதிய சங்கதியும் இல்லை. இரண்டாயிரம் வருடமாக இங்கே கடலில் இறங்கிச் செல்வத்தை எடுத்தவர் ஒருவர், அதைப் பையில் போட்டுக் கட்டியவர் வேறொருவர். பணப்பை என்றதும் தோலையும் தையலையும் பார்க்காமல், அதன் வாயைத் திறக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்று பார்த்தால் தூத்துக்குடியின் வரலாறே வேறு மாதிரி தெரிகிறது.

மடியும் முடிச்சும்

பர்ஸ் என்றால் ஆண்கள் பின்பாக்கெட்டில் செருகும் மடிப்புத் தோல் பை என்று நமக்குப் பதிந்துவிட்டது. அது இங்கே மிகவும் பிந்தி வந்த சரக்கு. காசு உலோகமாக இருந்த காலத்தில் பை என்பது சின்ன மூட்டைதான். வாயைக் கட்டக் கயிறு இருந்தால் போதும். தாள் பணம் புழக்கத்துக்கு வந்த பிறகே மடிக்கிற பைக்கு வேலை வந்தது. இந்தியாவில் நோட்டு வெளியிடும் உரிமையை 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசு வங்கிகளிடமிருந்து வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் வாலட் என்ற சொல்லும் முதலில் யாத்திரை போகிறவர்களும் இரந்து உண்டவர்களும் தோளில் மாட்டிய உணவுப் பையைத்தான் குறித்தது. நோட்டு வைக்கும் தட்டைப் பைக்கு அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வந்தது. இப்போது செல்போனுக்குள் இருக்கும், கையால் தொட முடியாத பைக்கும் அதே பெயர்.

நம்மவர்களுக்கு உடுத்திய துணியே பையாக இருந்தது. வேட்டியை இடுப்பில் சுருட்டிச் செருகினால் மடி. சேலை முந்தானையின் நுனியில் காசை வைத்து முறுக்கினால் முடிச்சு. மேலே எவ்வளவு வெள்ளையாக வேட்டி கட்டியிருந்தாலும் உள்ளே பட்டாப்பட்டி டவுசரின் ஆழமான பையில்தான் பலசரக்குக் கடைக்காரரின் முழுப் பணமும் இருக்கும். சந்தைக்குச் சந்தை அலையும் வியாபாரிகள் பை வைத்துத் தைத்த பச்சை பெல்ட்டை லுங்கிக்கு மேல் கட்டுவார்கள். இன்றும் மாட்டுச் சந்தையிலும் கருவாட்டு மண்டியிலும் அந்த பெல்ட்டைப் பார்க்கலாம். தேரிக்காட்டுப் பக்கம் வெற்றிலையும் காசும் பனையோலையில் முடைந்த சின்னப் பெட்டிக்குள் இருந்தன. “மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்” என்று ஊரெல்லாம் சொல்வதில், மடி என்பது உடம்போடு ஒட்டிய இடம். அதில் கை வைப்பது உடம்பில் கை வைப்பது போல. ஜேப்படி என்பதை நம் ஊரில் அவ்வளவு கேவலமாகப் பேசுவதற்கும் இதுதான் காரணமென்று எனக்குத் தோன்றுகிறது. பனிமய மாதா கோயில் திருவிழாவில், ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நெரியும் கூட்டத்தில், ஆண்களின் கை பத்தடிக்கு ஒருமுறை பின்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகும். சேலைக்குள் சுருக்குப் பை வைத்திருக்கும் பாட்டிகள் நிம்மதியாக நடப்பார்கள்.

மடி இல்லாதவர்

முத்துக் குளிக்க இறங்கியவருக்கு மடி என்று ஒன்று கிடையாது. இடுப்பில் ஒரு துண்டுத் துணி, காலுக்கடியில் கயிறு கட்டிய கல், சிப்பி அள்ள ஒரு வலைப்பை. கல்லின் கனத்தில் அடிமட்டத்துக்குப் போவார். மூச்சு தாங்கும் வரை, ஒரு நிமிடமோ அதற்குச் சற்று மேலோ, கைக்கு எட்டிய சிப்பிகளைப் பிடுங்கி வலைப்பையில் போடுவார். கயிறு அசைந்ததும் படகில் நிற்பவர் இழுக்க வேண்டும். இழுக்கிறவர் கண்ணயர்ந்தால் கீழே இருப்பவர் உயிர் போகும். அதனால் கயிறு பிடிப்பதைச் சொந்தக்காரர் கையில்தான் ஒப்படைப்பார்கள். மைத்துனன் கயிறு பிடிப்பது வழக்கம் என்று இந்தக் கரையில் சொல்லக் கேட்கலாம்.

அந்த வலைப்பைதான் தூத்துக்குடிக் கடலின் முதல் பணப்பை. அது ஒரு நாளும் குளித்தவருடையதாக இருந்ததில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற மாலுமிக் கையேடு, பாண்டிய நாட்டுக் கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகச் சொல்கிறது. கைதிக்கு ஏது கூலி, ஏது பை? பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்து இருந்தது என்பது சிலப்பதிகாரத்தின் திருப்பமே. அந்த முத்தை எடுத்தவர் யார் என்று எந்தக் காப்பியமும் கேட்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கணக்கை இன்னும் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து படகுகளையும் ஆட்களையும் அமர்த்துவார்கள். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா அண்டாமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. குளிப்பவருக்குக் கூலி. சுறாவுக்கு முன்னால் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தியவரைவிட, கரையில் நின்று மந்திரம் சொன்னவருக்குத்தான் விளைச்சலில் உரிமை இருந்தது. அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள். 1530களில் பரதவர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவியதற்கும், கடலில் முத்துச் சிப்பி விளையும் திட்டுகளான பார்களின் மேலான உரிமைச் சண்டைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். கொடி மாறியது, பங்கு பிரிக்கும் முறை மட்டும் பெரிதாக மாறவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்தார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு. ஒன்று குளித்தவர் பக்கத்துக்கு. அந்த ஒன்றிலும் படகுக்காரருக்குப் பங்கு, கயிறு இழுத்தவருக்குப் பங்கு. அரசாங்கத்தின் இரண்டு குவியலும் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று அன்றன்றைக்கே ஏலம் போகும்.

தன் பங்குச் சிப்பியை வாய் திறந்து பார்க்கப் பலருக்குப் பொறுமையும் இல்லை, வசதியும் இல்லை. சிப்பியை அழுகவிட்டு, நாட்கணக்கில் நாற்றத்தோடு காத்திருந்து, கழுவி, அரித்து எடுத்தால்தான் முத்து. அதற்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும், அதுவரை சாப்பாட்டுக்கு வழி வேண்டும். முன்பணம் வாங்கியவர் எப்படிக் காத்திருப்பார்? கரையில் கூடும் சில்லறை வியாபாரிகளிடம் மூடிய சிப்பியை எண்ணி விற்றுவிட்டுக் காசை வாங்கிக்கொள்வார். முத்து இருந்தால் வாங்கியவர் அதிர்ஷ்டம். கடலுக்கு அடியில் தன் கையாலேயே பிடுங்கிய சிப்பிக்குள் என்ன இருந்தது என்று தெரியாமலே அவர் ஆயுள் கழிந்திருக்கும்.

வியாபாரி பக்கம் போனால் பைகளுக்குக் குறைவில்லை. துளை அளவு படிப்படியாகச் சிறுக்கும் பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலிப்பார்கள். பெரியது மேலே தங்கும், தூள் கீழே போகும். உருண்டு திரண்டு நிறம் மங்காத ஆணிமுத்துக்குத் தனி மதிப்பு. எடை பார்க்க மஞ்சாடி. இருபது மஞ்சாடி சேர்ந்தால் ஒரு கழஞ்சு. தரம் பிரித்த முத்தைத் துணியில் முடிந்து மடிக்குள் வைப்பார்கள். முத்துச் சந்தைகளில் விலை பேசுவதும் வாயால் நடக்காது. இருவர் கைகோத்து மேலே துண்டைப் போர்த்திக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டுத் தொட்டுத் தொகை ஏறும், இறங்கும். பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. நம் மாட்டுச் சந்தைகளில் இந்த விரல் பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. தன் பணத்தின் அளவு தனக்கு மட்டும் தெரிய வேண்டும் என்பதில் வியாபாரிகள் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு அந்தத் துண்டு ஒன்றே சாட்சி.

இந்தத் தொழிலைக் கூர்ந்து பதிந்துவைத்தவர் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல். சங்கைப் பற்றி 1914இலும், மன்னார் வளைகுடா, பாக் நீரிணை முத்துக் குளிப்பைப் பற்றி 1922இலும் அவர் எழுதியவை இன்றும் ஆய்வாளர்கள் கையில் இருக்கின்றன. எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார்ப் பகுதியில் 1905இல் நடந்த முத்துக் குளிப்பில் மட்டும் 8 கோடிச் சிப்பிகள் கரையேறின. தூத்துக்குடி, கீழக்கரைக்காரர்கள் அங்கேயும் போய் மூச்சடக்கினார்கள். நம் கரையில் 1955இல் மீண்டும் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. பார்களில் அதன் பிறகு தொழில் நடத்தும் அளவுக்குச் சிப்பி சேரவில்லை.

அறிவியல் வேறொரு கதவைத் திறந்தது. 1973இல் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமி, தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். இந்திய முத்துச் சிப்பியில் அது பெரிய சாதனை. ஆனால் அது மீனவர் வீட்டுத் தொழிலாகப் பெருகாமல் போனது என்னை இன்றும் வருத்துகிறது. சங்கு குளிக்கிறவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்கள் எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய்த் திருமணமான பெண்களின் கையில் வெள்ளை வளையலாகிறது. வளையலுக்குக் கொல்கத்தாவில் என்ன விலை என்று இங்கே மூழ்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் பல தலைமுறை ஓடிவிட்டது.

25 ரூபாய்ப் பங்கு

சாதாரண மக்களின் மடியிலிருந்த காசு ஒரே ஒரு முறை இந்தத் துறைமுகத்தில் சாம்ராஜ்யத்தோடு நேருக்கு நேர் மோதியது. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனார் பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40,000 பங்குகள், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார். ஆனால் பங்கின் விலையை 25 ரூபாய் என்று வைத்ததில்தான் வ.உ.சி.யின் மனசு தெரிகிறது. பெரிய முதலாளி மட்டும் நுழையக்கூடிய கதவாக அதை அவர் வைக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்க்கிறவரும் கப்பலுக்குச் சொந்தக்காரர் ஆகலாம்.

1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி கொழும்பு வழியில் அதுவரை ஏகபோகமாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு ஏற்றிக்கொண்டது. பிறகு வெள்ளைக் கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொண்டு போகிறோம், குடையும் தருகிறோம் என்றது. இன்றைக்குப் புதிய செயலிகள் கேஷ்பேக் தருவதைப் பார்க்கும்போது அந்தக் குடைதான் நினைவுக்கு வருகிறது. எதிராளியை ஒழிக்கும்வரை இலவசம், பிறகு விலை அவர்கள் சொன்னதே விலை. எளிய மனிதரின் பைக்குள் கைவிடுவதற்கு முன் பெரிய கம்பெனிகள் இப்படித்தான் கொஞ்ச நாள் அதில் காசு போடும். 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், வ.உ.சி. கைது, தண்டனை. 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தவரின் மடி காலியாக இருந்தது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் குடும்பத்தோடு வறுமையில் கிடந்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியின் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. அது வ.உ.சி.க்கு வந்து சேரவில்லை. 1915இல் காந்தி சென்னைக்கு வந்தபோது தொடங்கிய கடிதப் போக்குவரத்து மாதக்கணக்கில் நீண்டது. அந்தப் பணம் எனக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் நான் இல்லை என்பதை வ.உ.சி. மறைக்காமல் எழுதினார். 1916இல் 347 ரூபாய் 12 அணா அவருக்குக் கிடைத்தது. ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தேடித் தொகுத்து எழுதிய நூலுக்கு அந்தத் தொகையையே பெயரின் பகுதியாக வைத்தார். பின்னாளில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிய காந்திக்கு ஊர் ஊராகப் பணமுடிப்புக் கொடுத்தார்கள். பெண்கள் வளையலைக் கழற்றிப் போட்டார்கள். எத்தனையோ பேரின் முடிச்சு அந்தப் பொது முடிப்புக்குள் விழுந்தது. லட்சங்களில் கம்பெனி நடத்திய மனிதர் 347 ரூபாய்க்காகக் கடிதம் எழுதிக் காத்திருந்ததை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. இன்று அந்தத் துறைமுகத்துக்கு அவர் பெயர். 1974இல் பெருந்துறைமுகமான அதற்கு 2011இல்தான் அந்தப் பெயர் வைத்தார்கள்.

சிறுவாடு

ஆண்கள் கணக்கில் ஏறாத ஒரு பை நம் வீடுகளில் எப்போதும் இருந்தது. அரிசிப் பானைக்குள், அஞ்சறைப் பெட்டிக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால். சிறுவாடு. மீன் விற்றதில் பத்து, ரேஷனில் மிச்சம் பிடித்ததில் ஐந்து என்று சேர்ந்த காசு. மகள் காதுகுத்துக்கும், வீட்டுக்காரர் குடித்துவிட்டு வரும் நாளில் பிள்ளைகளுக்கு இட்லி வாங்கவும், யாருக்கும் சொல்லாமல் அக்காள் வீட்டுக்குப் பஸ் ஏறவும் அதுதான் துணை. அதைக் கள்ளப்பணம் போலப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. வேறெந்தச் சொத்தும் தன் பெயரில் இல்லாத பெண்ணுக்கு அது மட்டும்தான் தன் கையில் இருந்த சொத்து.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது நாடு முழுக்கப் பெண்கள் பானையைக் கவிழ்த்தார்கள். வருடக்கணக்கில் மறைத்து வைத்ததைக் கணவனிடமோ மகனிடமோ கொடுத்து, “இதை மாத்திக் குடு” என்று கேட்க வேண்டியதாயிற்று. கொடுத்ததில் எவ்வளவு திரும்பிவந்தது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை. பணமாவது மாறியது. தன்னிடம் ஒரு பை இருக்கிறது என்ற ரகசியம் போனது போனதுதான்.

அந்த ரகசியத்துக்கு அடுத்த அடி போன் வழியாக வந்தது. கடையில் வைக்கும் சத்தப் பெட்டி, வரவு விழுந்ததும் எத்தனை ரூபாய் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறது. ஏமாற்று வாடிக்கையாளரிடமிருந்து கடைக்காரரை அது காப்பாற்றுகிறது என்பது உண்மை. வெறும் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் துண்டுக்கு அடியில் விரலால் விலை பேசிய கரையில், இன்று ஒரு பெண்ணின் ஒவ்வொரு வரவும் பக்கத்துக் கடை, கந்துவட்டிக்காரர், வீட்டு ஆள் என்று எல்லார் காதிலும் விழுகிறது. வாரத் தவணை வசூலிக்க வருகிறவர் இனி “இன்னைக்கு யாவாரம் இல்ல அண்ணாச்சி” என்ற பதிலை நம்பப் போவதில்லை.

போனுக்குள் இருக்கும் பை

இதையெல்லாம் சொல்வதால் நான் புதிய முறைக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில்லறைக்கு அல்லாட வேண்டியதில்லை, கிழிந்த நோட்டு கைக்கு வருவதில்லை, இரவில் பணத்தோடு தனியாக நடக்கும் பயம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வரவுக்கு எழுத்தில் ஒரு தடயம் இருக்கிறது. வங்கியில் கடன் கேட்கப் போகும்போது “என் வியாபாரம் இவ்வளவு” என்று காட்ட மீன்காரப் பெண்ணுக்கு இதுவரை ஒரு தாள்கூட இருந்ததில்லை. ஆனால் அந்தத் தடயம் மகன் கணக்கில் இருந்தால் கடன் தகுதியும் மகனுக்குத்தான் சேரும்.

நம்மில் பலர் எல்லாவற்றையும் ஒரே வாயில் ஜிபே என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே இரண்டு வகை இருக்கிறது. வாலட் என்பது ஒரு நிறுவனத்திடம் முன்கூட்டியே பணத்தைப் போட்டு வைப்பது. அதற்கு வட்டி கிடையாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, அடையாள ஆவணங்கள் முழுமையாகக் கொடுத்தவர் 2 லட்சம் ரூபாய் வரை வைத்திருக்கலாம். குறைந்தபட்ச விவரங்களோடு தொடங்கியவருக்கு 10,000 ரூபாய்தான் வரம்பு. 2016இல் வந்த யுபிஐ அப்படியில்லை. பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கும். போன் அதை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி மட்டுமே. அட்டையில் இருக்கும் கட்டத்துக்குப் பின்னால் எந்த வங்கிக் கணக்கு இருக்கிறதோ அதுதான் பை. மீன் சட்டி யாருடையது என்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடத் தேவையே இல்லை. “உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பின் நம்பரை அடிங்க” என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் மடியை அவிழ்க்கப் பார்க்கிறார் என்று பொருள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

பெண்களின் சொந்தக் கணக்கு என்பது இன்று வெறும் கனவு இல்லை. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் பெண்ணின் கணக்குக்கே மாதாமாதம் வருகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; அதற்கான நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகி, குடும்பத்தின் வங்கிக் கணக்கில் விழுகிறது. மீனவப் பெண்களுக்கான சேமிப்பு, நிவாரணத் திட்டத்தில் அவர்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசின் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ஆகத் திரும்புகிறது. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய். ஆக, கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கோடு அவர் போனையும் கியூஆர் அட்டையையும் இணைக்கும் வேலைதான் பாக்கி. தடைக்காலத்தில் சந்தையில் மீன் வரத்து குறையும்போது வங்கிக்காரர்கள் திரேஸ்புரத்திலும் மீன்பிடித் துறைமுகத்திலும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து இதைச் செய்யலாம். பாஸ்புத்தகத்தையும் ஆதாரையும் கொண்டுவரச் சொன்னால் பெண்கள் வருவார்கள். வாசிக்கத் தெரியாதவருக்குச் சத்தப் பெட்டியைத் தமிழில் மெல்லிய குரலில் வைத்துக் கொடுக்கலாம். சங்கு குளிக்கிறவர்களுக்கும், படகில் பங்குக்குப் போகிறவர்களுக்கும் இதேபோலத் தனித்தனிக் கணக்கில் பங்கு விழட்டும். டீசல், ஐஸ், முன்பணம் என்று எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்பது குறுஞ்செய்தியாகவாவது அவர் கையில் இருக்கட்டும். நூற்றாண்டுகளாக அவர்களுக்குக் காட்டாமல் நடந்த கணக்கு அது.

95 சென்டிமீட்டர் மழை

சுருக்குப் பையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி இரு கரையும் மீறி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் புகுந்தது. மின்சாரம் போனது. செல்போன் கோபுரங்கள் செயலிழந்து பல இடங்களில் போன் ஊமையானது. வங்கியில் லட்சம் இருந்தவரும் பால் பாக்கெட் வாங்க முடியாமல் நின்ற நாட்கள் அவை. பெட்டிக்கடைக்காரர் கியூஆர் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு ரொக்கம் இருந்தால் கொடு என்றார். தெரிந்த முகமென்றால் கடனெழுதிக் கொடுத்தார்.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. உள்ளே ஏறத்தாழ 800 பயணிகள். அவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு நாள் போல அங்கேயே கிடந்தார்கள். போனில் சார்ஜ் இல்லை, வாங்கக் கடை இல்லை. அருகிலிருந்த புதுக்குடி ஊர்மக்கள் தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்க, இருந்த அரிசியையும் பருப்பையும் கூட்டிச் சேர்த்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். யாரும் யாரிடமும் காசு கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிக் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த 6,000 ரூபாயை ரேஷன் கடைகளில் ரொக்கமாகவே கொடுத்தார்கள். சேறு காயாத தெருவில் வரிசையில் நின்று, நோட்டுகளை எண்ணி வாங்கி, பெண்கள் இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அந்த ஊர்களில் கேட்டால் அனுபவப்பட்டவர்கள் ஒரே யோசனை சொல்கிறார்கள். அக்டோபரில் வாடைக்காற்று திரும்புவதற்கு முன், ஒரு வாரச் செலவுக்கான பணத்தை ஐம்பதும் நூறுமாக மாற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, உயரமான பரணில் வைத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய் நோட்டாக வைக்க வேண்டாம். அந்த நேரத்தில் யாரிடமும் சில்லறை இருக்காது.